வெளியூர் சென்று பயில்வதா?

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)



இவ்வாண்டு தமிழ் மன்றக் கூட்டத்தில் எங்கள் வகுப்பினர் ஒரு பட்டிமன்றம் நடத்தியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பெண்கள் உயர்கல்விக்காக அறிமுகமில்லாத ஊருக்குச் செல்வது நன்மையா, தீமையா என்பதே தலைப்பு. இரு தரப்பிலும் முழங்கினோம். "வானமே எல்லை" என்று ஓர் அணி. "வீடே கோயில்" என்று மற்றோர் அணி. கைதட்டலுக்குக் குறைவில்லை. ஆயினும் நடுவராக வீற்றிருந்த எங்கள் தமிழாசிரியை தீர்ப்புக் கூற மறுத்துவிட்டார்கள்.

"எல்லாரும் நன்றாகவே பேசினீர்கள். ஆனால் போனவர்கள் எப்படிப் போனார்கள், போகாதவர்கள் ஏன் போகவில்லை என்று ஒருத்தியாவது யாரிடமாவது கேட்டாளா? கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்; ஆண்டு மலரில் போடலாம்" என்றார்கள்.

ஆகவே நாங்கள் கேட்கப் புறப்பட்டோம். நூலகத்தில் சில நாள், அக்காள்மார் வீடுகளில் சில நாள். அதன் விளைவே இக்கட்டுரை.

முதலில் எங்கள் வகுப்பிலேயே தொடங்கினோம். "உங்கள் தாத்தா பாட்டி காலத்திலிருந்து இதே ஊரில் வாழ்பவர்கள் கை தூக்குங்கள்" என்றபோது எழுந்த கைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். வியப்பாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் வியப்பில்லை. அம்பத்தூரில் 1949இல் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை தொடங்கப்பெற்றது. 1965இல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. திருநெல்வேலி, வட ஆர்க்காடு, கேரளம், ஆந்திரம் எனப் பல திசைகளிலிருந்தும் பெட்டி படுக்கையுடன் வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகளே நம்மில் பெரும்பாலோர். 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை சென்ற தென்னிந்தியாவின் முதல் புகைவண்டியும் நம் பகுதியின் வழியாகவே ஓடியது. வருவதும் போவதும் நம் ஊருக்குப் புதிதன்று.

ஆனால் அவ்வாறு வந்தவர்கள் பிழைப்புக்காக வந்தவர்கள். பெரும்பாலும் ஆண்கள். பெண்கள் அவர்களோடு வந்தார்கள். படிப்பதற்காக ஒரு பெண் தனியே போவது வேறு கதை. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டில் அக்கதை கண்ணெதிரே நடந்தது. ஆதலால் அதிலிருந்தே தொடங்குகிறோம்.

அந்த அக்காள் ஆவடியில் வளர்ந்தவர். 2016 டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் அடித்தபோது அவருக்கு வயது பத்து. அவர்கள் தெருமுனையில் நின்ற பெரிய தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்தது. அதன் எதிரே நின்ற வேப்பமரம் சாயவில்லை. ஏன் ஒன்று விழுந்தது, ஏன் மற்றது நின்றது என்று கேட்கத் தொடங்கியவர் அக்கேள்வியை விடவேயில்லை. மொட்டை மாடியில் பழைய பெயிண்டு டப்பாக்களில் மரக்கன்றுகள் வளர்த்தார். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் வனவியல் பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்தார். கலந்தாய்வில் இடமும் கிடைத்தது. ஆனால் கல்லூரி இருப்பதோ நீலகிரி மலையடிவாரத்தில், மேட்டுப்பாளையத்தில்! தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வனக் கல்லூரி அது. நான்காண்டுப் படிப்பு. அவர்கள் வீட்டில் எவரும் சேலத்துக்கு அப்பால் சென்றதில்லை.

அதே வேளையில் சென்னை நகரில் ஒரு கல்லூரியில் தாவரவியல் இடமும் கிடைத்திருந்தது. வீட்டிலிருந்தே போய் வரலாம். அப்பா தொழிற்பேட்டையில் லேத் பட்டறையில் வேலை செய்பவர். அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. "பக்கத்தில் கிடைக்கும்போது எதற்குத் தொலைவு?" என்று அத்தை கேட்டார். அம்மா "போகட்டும்" என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை. இவ்வாறு ஒரு வாரம் ஓடியது. பணம் கட்டக் கடைசி நாள் நெருங்கியது.

இந்த இடத்தில் அவர்களை நிறுத்திவிட்டு, நாங்கள் நூலகத்தில் கண்டவற்றைச் சொல்ல வேண்டும்.

பெண் கல்வி என்றதும் பேச்சுப்போட்டிகளில் நாம் அனைவரும் முதலில் கூறும் பெயர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. "இந்தியாவின் முதல் பெண் மருத்துவர்" என்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். அது சரியன்று. மராட்டியத்தைச் சேர்ந்த ஆனந்திபாய் ஜோஷி 1886இலேயே அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்றுவிட்டார். அவ்வாண்டு ஜூலை 30ஆம் நாள்தான் முத்துலட்சுமி புதுக்கோட்டையில் பிறந்தார். (இப்பிழையை நாங்களும் சென்ற ஆண்டுப் பேச்சுப்போட்டியில் செய்து பரிசும் வாங்கியிருக்கிறோம், திருப்பிக் கொடுக்க வேண்டுமோ தெரியவில்லை.)

முத்துலட்சுமியின் தந்தை நாராயணசாமி ஐயர் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள் தேவதாசி குலத்தில் பிறந்தவர். வீட்டிலிருந்தே படித்து மெட்ரிகுலேஷன் தேறிய மகளை, மாணவர்கள் மட்டுமே பயின்ற அக்கல்லூரியில் சேர்ப்பதற்குப் பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. புதுக்கோட்டை மன்னர் அனுமதி அளித்தமையால் சேர்ந்தார். பின்னர் 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். 1912இல் பட்டம் பெற்றார். 1927இல் சென்னைச் சட்டமன்ற மேலவையில் இடம்பெற்று அதன் துணைத்தலைவர் ஆனார். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954இல் அவர் முயற்சியால் தொடங்கியது. இவையெல்லாம் நாம் மனப்பாடம் செய்தவையே.

ஆனால் எங்களைச் சிந்திக்க வைத்தது வேறொரு நிகழ்ச்சி. 1930ஆம் ஆண்டு ஒரு நாள், தேவதாசி முறையிலிருந்து தப்பி வந்த சில இளம்பெண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். விடுதிகள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்களைத் தம் வீட்டிலேயே ஏற்றுக்கொண்டார் அம்மையார். அதுவே அவ்வை இல்லம் தோன்றிய கதை. ஒரு காலத்தில் இந்நகருக்குத் தாமே புதியவராக வந்தவர் அல்லவா?

இதே 1886ஆம் ஆண்டு, முத்துலட்சுமி பிறந்து மூன்று வாரம் நிறைவதற்குள், ஆகஸ்டு 18ஆம் நாள் மயிலாப்பூரில் இன்னொரு பெண் குழந்தை பிறந்தது. அவரே பிற்காலத்தில் 'சகோதரி' சுப்புலட்சுமி என்று போற்றப்பட்டவர். பதினோரு வயதில் திருமணம். சிறிது காலத்திலேயே கணவர் மறைந்தார். முகத்தையே பார்த்துப் பழகாத ஒருவருக்காக அக்குழந்தை விதவையாக்கப்பட்டாள். தலையை மழித்து மூலையில் உட்கார வைக்கும் வழக்கத்துக்குத் தந்தையார் சுப்பிரமணிய ஐயர் உடன்படவில்லை, படிக்க வைத்தார். அவர் எழும்பூர் பிரசென்டேஷன் கான்வென்ட்டில் பயின்றார் என்பதும், அங்கே தம் வாழ்வைப் பிள்ளைகளுக்கென்றே ஒப்படைத்திருந்த அயர்லாந்துக் கன்னியர் அவர் மனத்தில் ஆழப் பதிந்தனர் என்பதும் கான்வென்ட் மாணவியராகிய நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார்.

அதன்பின் அவர் செய்ததுதான் எங்கள் ஆய்வுக்கு முக்கியமானது. எழும்பூரில் ஒரு வீட்டில், தம்மைப் போன்றே இளமையில் கணவரை இழந்த நான்கு பெண்களை வைத்துக்கொண்டு ஓர் இல்லம் தொடங்கினார். வெளியூர்ப் பெண்கள் தங்கிப் படிக்க ஓர் இடம்! வீட்டைப் பார்த்துக்கொண்டவர் அவருடைய சித்தி வாலாம்பாள். அவரும் கணவரை இழந்தவரே. பட்டம் பெற்றவர் சுப்புலட்சுமி. ஆனால் அவ்வீட்டில் அடுப்பெரிந்ததும், இரவில் கதவு தாழிடப்பட்டதும், அழும் பெண்ணின் தலையைத் தடவ ஒரு கை இருந்ததும் சித்தியால்தான். வரலாற்றில் அவர் பெயர் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. எங்களுக்கு அது வருத்தமே.

பெண்கள் பெருகவே இல்லம் கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டிகளைச் சேமிக்கக் கட்டிய வட்ட வடிவமான கட்டடம் அது. 1897இல் சுவாமி விவேகானந்தர் அங்குத் தங்கினார்; ஆகையால் இப்போது விவேகானந்தர் இல்லம் என்கிறோம். அதே சாலையில் 1914இல் தொடங்கப்பெற்ற மகளிர் கல்லூரி இருக்கிறது. முதல் முதல்வர் செல்வி டிலாஹே. முதலாண்டு மாணவியர் முப்பத்தேழு பேர். 1917இல் ராணி மேரி கல்லூரி என்று பெயர் பெற்றது. இடையே 1915இல் மகளிர் கிறித்தவக் கல்லூரியும் வந்தது. கல்லூரியும் விடுதியும் சேர்ந்து வந்த பிறகே, தஞ்சாவூரிலோ கோயம்புத்தூரிலோ இருந்த ஒரு தந்தை தம் மகளைச் சென்னைக்கு அனுப்பலாமா என்று எண்ணிப் பார்க்கவே வழி பிறந்தது.

பொறியியல் படிக்க விரும்பும் தோழியருக்கு இன்னொரு செய்தி. கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940இல் லலிதா என்ற இளம்பெண் மின்பொறியியல் சேர்ந்தார். சென்னைக்காரர்தான், தந்தையார் அக்கல்லூரியிலேயே பேராசிரியர். பதினைந்து வயதில் மணமாகி, கைக்குழந்தையோடு கணவரை இழந்தவர். நூற்றுக்கணக்கான ஆண்கள் நடுவே அவர் ஒருவரே பெண், விடுதியிலும் தனியே. ஊர் பழகிய ஊர், தந்தை பக்கத்திலேயே, இருந்தும் தனிமை அவரை வாட்டியது. எனவே துணைக்கு இன்னும் சில பெண்களைச் சேர்க்கலாம் என்று கல்லூரி அறிவித்தது. அடுத்த ஆண்டு கட்டடப் பொறியியலில் லீலம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா என்ற இரு மலையாளப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். போர்க்காலமாகையால் படிப்புக் காலம் சுருக்கப்பட்டு, மூவரும் ஒரே சமயத்தில் வெளிவந்தனர். லலிதாவின் சான்றிதழில் ஆண்பாலாக அச்சடித்திருந்த சொல்லை அடித்துவிட்டுப் பெண்பாலாகக் கையால் திருத்திக் கொடுத்தார்களாம்! திருச்சூர்ப் பகுதியிலிருந்து வந்த திரேசியா 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். லலிதா ஒருத்தியின் தனிமை தீர்வதற்காகத் திறந்த கதவு அது.

துணை இருந்தும் எல்லாம் நன்றாக முடிந்துவிடும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. முன்னே குறிப்பிட்ட ஆனந்திபாய் 1883இல், பதினெட்டு வயதில், கணவரின்றித் தனியே கல்கத்தாவிலிருந்து கப்பலேறினார். அமெரிக்காவில் அவரை எதிர்கொண்டு அழைத்துத் தம் வீட்டில் வைத்துக்கொண்டவர் திருமதி கார்ப்பெண்டர். அந்த அம்மையார் பல் மருத்துவரைப் பார்க்கக் காத்திருந்தபோது ஒரு சமயப் பத்திரிகையைப் புரட்டினார்; அதில் ஆனந்திபாயின் கல்வி குறித்து அவர் கணவர் எழுதிய கடிதத்தைக் கண்டு, தாமே கடிதம் எழுதி நட்புக் கொண்டார். முன்பின் அறியாத ஒருவர்! இவ்வளவு இருந்தும் பிலடெல்பியாவின் குளிரும் ஒவ்வாத உணவும் ஆனந்திபாயின் உடலை வாட்டின, காசநோய் பற்றியது. பட்டத்தோடு தாயகம் திரும்பியவர் 1887 பிப்ரவரி 26ஆம் நாள், இருபத்திரண்டு வயது நிறையும் முன்னரே காலமானார். அவருடைய அஸ்தி கார்ப்பெண்டர் அம்மையாருக்கு அனுப்பப்பட்டு, அவர்கள் குடும்பக் கல்லறைத் தோட்டத்தில் வைக்கப்பட்டது. இதைப் படித்த அன்று நாங்கள் நூலகத்தில் வெகுநேரம் பேசாமல் இருந்தோம்.

இப்போது ஆவடிக்குத் திரும்புவோம்.

அந்த வீட்டில் எல்லாரும் பேசி ஓய்ந்த பிறகு, அதுவரை வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பாட்டி வாய் திறந்தார்களாம். அத்தையைப் பார்த்து, "நான் பதினாறு வயசுல செய்யாறு பக்கத்துலேருந்து இந்த ஊருக்கு வந்தேன். ஊர் பேரு கூடத் தெரியாது. வண்டியில ஏத்தி அனுப்பினாங்க. அப்ப யாரும் கூடிப் பேசலையே?" என்றார்கள். பிறகு பேத்தியைப் பார்த்து, "நீ போ. ஆனா ஒண்ணு கேட்டுக்கிட்டுப் போ. ராத்திரி ஜுரம் வந்தா அங்க யார் கதவைத் தட்டுவே?" என்றார்கள்.

தோழியரே, எங்கள் பட்டிமன்றத்தில் பன்னிரண்டு பேர் பேசினோம். இக்கேள்வியை ஒருத்தியும் கேட்கவில்லை.

அக்காளிடம் பதில் இல்லை. ஆனால் கேள்வி வந்த பின் வீட்டில் பேச்சு மாறியது என்கிறாள் எங்கள் தோழி. போகலாமா கூடாதா என்ற வழக்கு நின்று, விடுதி எங்கே, காப்பாளர் யார், அருகில் மருத்துவமனை எது, ஞாயிற்றுக்கிழமை சோறு உண்டா என்று விசாரணை தொடங்கியது. அப்பாவின் பட்டறையில் உடன் வேலை செய்பவரின் தங்கை காரமடையில் வாழ்வது தெரிந்தது. மேட்டுப்பாளையத்துக்கு அடுத்த ஊர்தான். அப்பா இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு இரவு நீலகிரி விரைவு வண்டியில் ஏறிப் போனார். கல்லூரியையும் விடுதியையும் பார்த்தார். காரமடைக்கும் சென்று அந்த அம்மாவின் கையில் ஒரு பொட்டலம் மிக்சரும் கொடுத்துவிட்டு வந்தார். எல்லாரும் ஆவலாகச் சூழ்ந்துகொள்ள, அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "மரம் நிறைய இருக்கு." அக்காளின் பெட்டி அன்றிரவே பரண்மேலிருந்து இறங்கியது.

அப்படி விசாரிக்காமல் போனால்? எங்களில் ஒருத்தியின் தெருவில் வசிக்கும் மற்றோர் அக்காளையும் கண்டோம். தயங்கினாலும், "எழுதுங்க, ஆனா என் பேரையும் கல்லூரி பேரையும் போடாதீங்க" என்று சொல்லி அனுமதி தந்தார். அவர் தொலைவில் ஒரு நகரத்துக்குப் பொறியியல் படிக்கச் சென்றவர். சேர்ந்த பிறகே விடுதி நிரம்பிவிட்டது தெரிந்தது. வெளியே ஒரு வாடகை அறையில், பழக்கமில்லாத ஐவருடன் தங்கினார். மஞ்சள் காமாலை கண்டது. அறையில் இருந்தவர்களிடம் சொல்லக் கூச்சம். வீட்டில் சொன்னால் கவலைப்படுவார்கள் என்ற பயம். ஐந்து நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் மாதம் ஊர் திரும்பினார். ஓர் ஆண்டு வீணாயிற்று. அசல் சான்றிதழ்களைத் திரும்பப் பெறவே பல மாதம் அலைய நேர்ந்தது. சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. அது அவருக்கும் தெரியாது, அவர் தந்தைக்கும் தெரியாது. நாம் தெரிந்து வைத்துக்கொள்வோம்.

"ஊர் பிடிக்காம வந்துட்டேன்னு எல்லாரும் சொல்றாங்க. அந்த ஊரை நான் பார்க்கவே இல்ல. அறையைத்தான் பார்த்தேன். விடுதி இருக்கான்னு கேட்டோம், விடுதியில இடம் இருக்கான்னு கேட்கல" என்றார். பின்னர் உள்ளூர்க் கல்லூரியில் சேர்ந்து இப்போது இறுதியாண்டு பயில்கிறார். அவரைக் கோழை என்று சொல்பவர்கள் ஐந்து நாள் காமாலையோடு தனியறையில் படுத்துப் பார்க்கட்டும்.

வீட்டிலிருந்தே போய் வருபவர்களுக்குத் துன்பமே இல்லையா? பூந்தமல்லியிலிருந்து நகரின் நடுவே உள்ள கல்லூரிக்குப் பேருந்தில் செல்லும் ஓர் அக்காளைக் கேட்டோம். ஆவடி, அம்பத்தூர்த் தோழியருக்குப் புறநகர் மின்தொடர்வண்டியாவது உண்டு; அவருக்குப் பேருந்தே கதி. போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. கல்லூரி வேலைநாள் 180 என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 540 மணி. மூன்றாண்டில் 1,620 மணி. அதாவது இரவு பகலாக அறுபத்தேழரை நாள் பேருந்திலேயே வாசம்! இக்கணக்கைக் காட்டியதும் அவர் சிரித்துவிட்டார். "இதுல முக்கால்வாசி நாள் நின்னுக்கிட்டேதான்" என்றார். 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் நீக்கப்பட்டதால் பணம் மிச்சம். ஆனால் மாலையில் புத்தகத்தைத் திறந்ததும் கண் சொக்குகிறதாம்.

ஆனாலும் அவர் வெளியூர் செல்ல விரும்பவில்லை. தந்தைக்கு வாரம் இருமுறை சிறுநீரகச் சிகிச்சைக்கு உடன் செல்ல வேண்டும். அம்மாவால் தனியே முடியாது. "எனக்குக் கிடைச்சிருக்கிற பாடம் எனக்குப் பிடிச்ச பாடம். அது இங்கேயே இருக்கு. அப்புறம் நான் ஏன் போகணும்?" என்று கேட்டார். எங்களுக்கும் பதில் தெரியவில்லை. வணிகவியலோ கணிதமோ படிக்க நம் பகுதியிலிருந்து பயணம் செய்யும் தொலைவிலேயே நல்ல கல்லூரிகள் பல இருக்கின்றன. ராணி மேரி இருக்கிறது, 1947இல் தொடங்கிய ஸ்டெல்லா மாரிஸ் இருக்கிறது. வனவியல் அப்படியன்று, அது மரம் இருக்கும் இடத்துக்கு நம்மை அழைக்கிறது. சிநேகிதி போகிறாள் என்பதற்காகவோ, வீட்டில் தொல்லை என்பதற்காகவோ ஊர் மாறுவது வேறு. படிப்பே அவ்வூரில்தான் இருக்கிறது என்பது வேறு. எங்கள் பட்டிமன்றத்தில் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டோம்.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். விடுதிக் கட்டணத்தை மட்டும் கணக்கிட்டால் போதாது. ஊருக்கு வந்து போகும் பயணச் செலவு, மருந்து, திடீர்ச் செலவு ஆகியவற்றையும் சேர்த்தெழுத வேண்டும். அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் பன்னிரண்டு வரை பயின்று உயர்கல்வி கற்கும் மாணவியருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5ஆம் நாள் தொடங்கியது. 2024 டிசம்பரில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் பயின்றோருக்கும் விரிவாக்கப்பட்டது. யார் யாருக்குக் கிடைக்கும் என்பதைப் பள்ளி அலுவலகத்தில் கேட்டறியலாம்.

மேட்டுப்பாளையம் சென்ற அக்காள் இப்போது இரண்டாமாண்டு. விடுமுறைக்கு வந்தபோது நாங்கள் நால்வரும் சென்று பார்த்தோம். முதல் மாதம் தினமும் அழுததாகக் கூசாமல் சொன்னார். உடன் பயிலும் கோவைப் பெண்கள் "ஏனுங்க", "வாங்க" என்று மரியாதையாகப் பேச, இவர் நம் ஊர் வழக்கில் "இன்னா" என்று கேட்டுவிட்டாராம். ஒரு வாரம் விடுதி முழுவதும் அதே பேச்சு. இப்போது இவரும் "ஏனுங்க" என்கிறார். தங்கைதான் கேலி செய்கிறாள். தூங்குமூஞ்சி மரம் ஏன் விழுந்தது என்பதையும் விளக்கினார். கிளைகள் குடைபோல் அகன்று விரிவதால் காற்றை முழுவதுமாக வாங்கிக்கொள்கிறது. வேரோ, சாலையும் கால்வாயும் நெருக்கும் இடத்தில் ஆழமாக இறங்க வழியின்றி மேலாகவே பரவி நிற்கிறது.

ஒருமுறை இரவில் காய்ச்சலும் வந்தது. அக்காள் தட்டியது காரமடைக் கதவையன்று; பக்கத்து அறைக் கதவை. அங்கிருந்த தருமபுரிப் பெண் காப்பாளரை எழுப்பி, ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாளாம்.

அக்காள் அறியாத செய்தி ஒன்றைத் தங்கை எங்களிடம் சொன்னாள். பாட்டிக்குக் கண் அறுவை நடந்தபோது அக்காளுக்குப் பருவத் தேர்வு. பாட்டி யாரையும் சொல்ல விடவில்லை. கண்கட்டு அவிழ்ந்த பிறகே தொலைபேசியில் தெரிவித்தார்களாம். அந்த இரண்டு வாரமும் பாட்டிக்குச் சொட்டு மருந்து விட்டவள், தண்ணீர் பிடித்தவள், மாடியிலுள்ள பெயிண்டு டப்பாச் செடிகளுக்கும் ஊற்றியவள் தங்கைதான். வெளியூர் சென்றவளின் வேலை வீட்டில் இருப்பவளின் தலையில் விழுகிறது என்பதையும் இவ்வாய்வில் சேர்க்கும்படி அவள் கண்டிப்பாகக் கேட்டுக்கொண்டாள். சேர்த்துவிட்டோம்.

நமக்குக் கல்லூரி இன்னும் இரண்டாண்டு தொலைவில் இருக்கிறது என்று எண்ணியிருந்தோம். அப்படியில்லை என்று அந்த அக்காள்தான் கூறினார். பதினோராம் வகுப்பில் உயிரியல் இல்லாத பிரிவை எடுத்துவிட்டால் மருத்துவத்துக்கான வழி இப்போதே கடினமாகிவிடுகிறது. கணிதத்தை விட்டால் பொறியியல். எனவே தேர்வு முடிந்து படிவம் வாங்குவதற்குள், நாங்கள் நால்வரும் அவரவர் வீட்டில் இது குறித்துப் பேசிவிடுவதாக முடிவு செய்திருக்கிறோம். ஒருத்தி சென்ற ஞாயிறன்று தொடங்கியும் விட்டாள். என்ன படிப்பு, எந்த ஊர் என்பதையே அவள் இன்னும் சொல்லவில்லையாம், அதற்குள் அவள் அம்மா, "அங்கே நமக்குத் தெரிஞ்சவங்க யார் இருக்காங்க?" என்று உறவினர் பெயர்களை ஒரு தாளில் எழுதத் தொடங்கிவிட்டாராம்.